கார்டு வேண்டும், ஸ்கோர் இல்லை: மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

பணம் சம்பந்தமாக இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மாணவர்களுடையவை, அதிலும் முதல் கிரெடிட் கார்டைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், பெயர்களைப் போடவில்லை. படிக்கப் போன நாட்டைப் பொறுத்து விதிகள் மாறும். அந்த இடங்களில் எந்த நாட்டு விதி என்று சொல்லியிருக்கிறேன், சொல்லாத இடங்களில் எழுதியிருப்பது எங்கேயும் பொருந்தும்.

கேள்வி: மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கார்டுக்கு விண்ணப்பித்தேன், மறுத்துவிட்டார்கள். சிபில் ஸ்கோரைப் பார்த்தால் -1 என்று காட்டுகிறது. இதுவரை யாரிடமும் ஒரு பைசா கடன் வாங்கியதில்லை. கடன் வாங்காதவனுக்கு மைனஸ் ஸ்கோரா?

பதில்: முதலில் பதற்றத்தை விடுங்கள். சிபில் ஸ்கோர் என்பது கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்பதற்குப் போடும் மார்க் மாதிரி, 300-ல் தொடங்கி 900 வரை போகும். -1 அந்த வரிசையிலேயே கிடையாது. "இவரைப் பற்றிக் கணக்குப் போட எங்களிடம் ஒன்றும் இல்லை" என்பதைத்தான் அவர்கள் அப்படிக் குறிக்கிறார்கள். மோசமான ஸ்கோர் உள்ளவரும் நீங்களும் ஒன்றில்லை. அவர் அழித்து எழுத வேண்டும், உங்களுடையது வெற்றுத்தாள்.

அமெரிக்காவில் படிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே அதிகம் பயன்படும் ஃபைக்கோ ஸ்கோர் 300 முதல் 850 வரை. ஏதாவது ஒரு கடன் கணக்கு தொடங்கிக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், கடைசி ஆறு மாதத்துக்குள் ஒரு தகவலாவது பதிவாகியிருக்க வேண்டும். அதுவரை ஸ்கோரே பிறக்காது.

இனிமேல் செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாததுதான் முக்கியம். ஒரு இடத்தில் மறுத்த கோபத்தில் அன்று ராத்திரியே இன்னும் நாலு இடத்தில் விண்ணப்பம் தட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த நிறுவனம் உங்கள் கடன் அறிக்கையை, அதாவது உங்கள் கடன் கணக்குகளின் பதிவை, எடுத்துப் பார்க்கும், பார்த்தது அறிக்கையில் பதிவாகும். அமெரிக்காவில் அந்தப் பதிவு இரண்டு வருஷம் நிற்கும், ஃபைக்கோ கணக்கில் ஒரு வருஷம் வரை எடுத்துக்கொள்ளப்படும். வேறு எதுவுமே இல்லாத அறிக்கையில் வரிசையாக ஐந்து விசாரணை மட்டும் இருந்தால், படிக்கிறவருக்கு "இந்தப் பையனுக்கு ஏதோ அவசரம்" என்றுதான் தோன்றும். உங்கள் ஸ்கோரை நீங்களே பார்ப்பது இதில் சேராது, எத்தனை தடவை வேண்டுமானாலும் பாருங்கள்.

அடுத்து, ஏன் மறுத்தீர்கள் என்று கேளுங்கள். மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதிகள் சொல்கின்றன. அமெரிக்காவிலும் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரைத் தள்ளிவிடக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள், ஏனென்றால் மாணவர்கள் விஷயத்தில் உண்மையான காரணம் பல நேரம் வருமானம். மாதம் கட்டப் பணம் எங்கிருந்து வரும் என்று அவர்கள் கேட்பதில் தப்பு இல்லை, அந்தக் கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்வதும் நல்லது.

கேள்வி: வருமானமும் இல்லை, வரலாறும் இல்லை. அப்போ எனக்கு எந்தக் கார்டுதான் கிடைக்கும்?

பதில்: டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கும் கார்டு. என்னைக் கேட்டால் மாணவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்குகிறது, "என் பணத்தையே கொடுத்து என் பணத்தையே கடன் வாங்கணுமா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் நீங்கள் வாங்குவது பணத்தை இல்லை, ஒரு பதிவை.

வேலை செய்யும் விதம் இது. ஒரு தொகையை வங்கியில் போடுகிறீர்கள். அதே அளவுக்கோ கொஞ்சம் குறைவாகவோ கார்டில் லிமிட் தருவார்கள். இந்தியாவில் அது ஃபிக்ஸட் டெபாசிட்டாக இருக்கும், எனவே வட்டியும் வந்துகொண்டே இருக்கும், கார்டு இருக்கும் வரை அதை உடைக்க முடியாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் பெரும்பாலும் வட்டி இல்லாமல் வைத்திருந்து, கணக்கை முடிக்கும்போதோ சாதாரண கார்டாக மாற்றும்போதோ திருப்பித் தருவார்கள். கடையில் நீட்டும்போது இது ஈடு வைத்து வாங்கிய கார்டு என்று யாருக்கும் தெரியாது. மாதா மாதம் பில் வரும், நீங்கள் கட்டுவீர்கள், கட்டியது பதிவாகும்.

கடன் பதிவுகளைச் சேர்த்து வைத்து ஸ்கோர் போடும் நிறுவனங்களுக்கு கிரெடிட் பீரோ என்று பெயர். ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: "இந்தக் கார்டின் விவரத்தை கிரெடிட் பீரோக்களுக்கு அனுப்புகிறீர்களா, எல்லாவற்றுக்கும் அனுப்புகிறீர்களா?" இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். டெபிட் கார்டாலும், முன்பணம் போட்டுத் தேய்க்கும் ப்ரீபெய்டு கார்டாலும் வரலாறு உருவாகாததற்குக் காரணமே இதுதான். அங்கே யாரும் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை, பதிவு செய்யவும் ஒன்றும் இல்லை. டெபாசிட் வாங்குகிறார்கள் என்பதாலேயே அது கிரெடிட் கார்டு என்று நம்பி ஏமாந்துவிடாதீர்கள், விண்ணப்பத்தின் பெயரை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

மாணவர்களுக்கென்றே சில வங்கிகள் தனியாகக் கார்டு வைத்திருக்கின்றன. லிமிட் குறைவாக இருக்கும், நிபந்தனை இளக்கமாக இருக்கும். நீங்கள் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் வங்கியில் முதலில் கேளுங்கள். அங்கே உங்கள் கணக்கில் பணம் வந்து போவதை அவர்களே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வெற்றுத்தாள் என்ற பிரச்சினை அவர்களிடம் கொஞ்சம் குறைவு.

கேள்வி: அப்பாவின் கார்டில் எனக்கு ஒரு ஆட்-ஆன் கார்டு எடுத்துத் தருகிறேன் என்கிறார். இரண்டு வருஷம் அதைப் பயன்படுத்தினால் எனக்கு ஸ்கோர் வந்துவிடுமா?

பதில்: இந்தியாவில் என்றால் பெரும்பாலும் வராது. பில் அப்பா பெயரில், பொறுப்பு அப்பாவுடையது, பதிவும் அப்பா கணக்கில்தான் போய்ச் சேரும். நீங்கள் ஒழுங்காக இருந்தால் அவர் ஸ்கோர் நன்றாக இருக்கும், நல்ல பிள்ளை என்ற பெயர் மட்டும் உங்களுக்கு. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஒருவர் கார்டில் உங்களைச் சேர்த்தால், பல நிறுவனங்கள் அந்தக் கணக்கை உங்கள் அறிக்கையிலும் காட்டும். அவருடைய பல வருஷ ஒழுங்கு உங்களுக்கும் கொஞ்சம் வந்து ஒட்டும். அவர் லிமிட் முழுக்கச் செலவு செய்து தவணை தவறுகிற ஆளாக இருந்தால் அதுவும் வந்து ஒட்டும், எனவே யார் கார்டில் சேர்கிறோம் என்று பார்த்துச் சேருங்கள்.

கேள்வி: பில் தேதி, கட்ட வேண்டிய தேதி, மொத்த பாக்கி, மினிமம் டியூ என்று பில்லில் ஏகப்பட்டது இருக்கிறது. மினிமம் கட்டினால் போதும், ஸ்கோர் கெடாது என்று சீனியர் சொல்கிறார். உண்மையா?

பதில்: உங்கள் சீனியர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்து அந்தப் பாதியில்தான்.

மினிமம் டியூ என்பது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை. அதைக் கட்டினால் "தவறினார்" என்று பதிவாகாது, அது சரி. ஆனால் வட்டி? கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். பாக்கி 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3.5 சதவீத வட்டி, இந்தியக் கார்டுகளில் சர்வசாதாரணமாகப் பார்க்கும் விகிதம் இது, வருஷத்துக்கு 42 சதவீதம். மினிமம் டியூ பாக்கியில் 5 சதவீதம். முதல் மாதம் வட்டி சேர்ந்து 103.5 ஆகிறது, அதில் 5 சதவீதம், அதாவது 5.18 கட்டுகிறீர்கள், மிச்சம் 98.32. ஐந்துக்கு மேல் கட்டியும் கடன் இரண்டுகூடக் குறையவில்லை. கார்டைத் தொடாமல், புதிதாக எதுவும் வாங்காமல், மாதா மாதம் மினிமம் மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டே வந்தால் இந்த 100 ஐம்பதாகக் குறைவதற்கு 41 மாதம் ஆகும். அதற்குள் நீங்கள் கட்டியிருப்பது கிட்டத்தட்ட 154. அதாவது வாங்கிய கடனைப்போல ஒன்றரை மடங்கைக் கட்டி முடித்த பிறகும் பாதிக் கடன் அப்படியே நிற்கும், இதில் வட்டி மேல் போடும் வரியை நான் சேர்க்கவே இல்லை. மினிமம் மட்டும் கட்டினால் கடன் எவ்வளவு காலம் இழுக்கும் என்று பில்லிலேயே எச்சரிக்கை போட வேண்டும் என்று அமெரிக்காவில் 2009-ல் சட்டம் கொண்டுவந்தார்கள், இந்தியாவிலும் பில்லில் அப்படி ஒரு எச்சரிக்கை வரி இருக்க வேண்டும். பில்லின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும், தேடிப் படியுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. வட்டியில்லாத நாட்கள் என்று விளம்பரம் செய்கிறார்களே, அது போன பில்லை முழுசாகக் கட்டியவருக்கு மட்டும்தான். கொஞ்சம் பாக்கி வைத்தாலும் அந்தச் சலுகை போய்விடும், அதற்குப் பிறகு வாங்கும் புதுப் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

இப்போது தேதிகள். பில் ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி வருகிறது, கட்ட வேண்டிய கெடு 25-ம் தேதி என்று வையுங்கள். 6-ம் தேதி வாங்கியது அடுத்த மாதப் பில்லில்தான் வரும், அதைக் கட்ட அந்தப் பில் வரும் மாதம் 25 வரை நேரம், கிட்டத்தட்ட 50 நாள். 4-ம் தேதி வாங்கியது மறுநாள் பில்லிலேயே வந்து நிற்கும், கையில் இருப்பது 21 நாள்தான். பெரிய செலவு ஏதாவது இருந்தால் பில் வந்த மறுநாள் செய்யுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கெடு தாண்டினால் என்ன ஆகும்? இந்தியாவில் கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் ஆன பிறகுதான் அபராதம் போடவோ பீரோவுக்குச் சொல்லவோ முடியும். அமெரிக்காவில் அபராதம் மறுநாளே வரலாம், ஆனால் அறிக்கையில் ஏறுவது 30 நாள் தாண்டினால்தான், ஏறிவிட்டால் ஏழு வருஷம் இறங்காது. சிபில் அறிக்கையில் கடைசி 36 மாதங்களுக்கு, எந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்று மாதவாரியாகக் கட்டம் கட்டிக் காட்டியிருப்பார்கள். எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் இருக்கும் அறிக்கையைப் பார்ப்பதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது, பரீட்சையில் மட்டும்தான் பூஜ்யம் கேவலம்.

வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். அப்படிப் போடும்போது "மினிமம் டியூ", "மொத்த பாக்கி" என்று இரண்டு பட்டன் வரும். கை தவறி முதலாவதை அழுத்திவிட்டு மாதக்கணக்கில் கவனிக்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர். இரண்டாவதை அழுத்துங்கள். அந்தத் தேதியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் வங்கி ஒரு பக்கம், கார்டு நிறுவனம் ஒரு பக்கம் என்று இரண்டு அபராதம்.

கேள்வி: லிமிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்கிறார்களே, என் லிமிட்டே துளியூண்டு. ஒரு செமஸ்டர் புத்தகம் வாங்கினாலே பாதி போய்விடுகிறது.

பதில்: 30 என்பது சட்டமும் இல்லை, கோடும் இல்லை, நினைவில் வைக்கச் சுலபமாக யாரோ சொல்லிப் பரவிய எண். லிமிட்டில் எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறீர்களோ அவ்வளவு நல்லது என்பதுதான் விஷயம். ஃபைக்கோவின் கணக்கில் ஒழுங்காகக் கட்டியதற்கு 35 சதவீதம், எவ்வளவு கடன் நிற்கிறது என்பதற்கு 30, வரலாறு எவ்வளவு பழையது என்பதற்கு 15, புதுக் கடன்களுக்கும் கடன்களின் வகைகளுக்கும் பத்துப் பத்து. நீங்கள் கேட்பது அந்த 30-ஐப் பற்றி.

உங்களைப்போலச் சின்ன லிமிட் உள்ளவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பீரோவுக்குப் போகும் தொகை பெரும்பாலும் பில் போடும் அன்று நிற்கும் பாக்கி. கெடு வரை காத்திருக்காமல் பில் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிட்டால், பதிவாகும் தொகை சின்னதாகிவிடும். புத்தகத்தை வாங்குங்கள், அந்த வாரமே கட்டுங்கள், பிரச்சினை முடிந்தது. தவிர இந்த விகிதம் மாதா மாதம் மாறுகிற ஒன்று. பொதுவாக, ஒரு மாதம் ஏறியது அடுத்த மாதம் இறங்கிவிட்டால் ஸ்கோரும் திரும்பி வந்துவிடும். தவணை தவறியது அப்படி இல்லை, அது வருஷக்கணக்கில் கூடவே வரும். எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறேன். இங்கே எனக்கு நல்ல ஸ்கோர் இருக்கிறது, அது அங்கே செல்லுமா?

பதில்: பொதுவாகச் செல்லாது. இந்தியாவில் நாலு பீரோக்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். இதில் மூன்று பெயர்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உண்டு, அதனால் ஒரே கம்பெனிதானே, இங்கே இருப்பது அங்கேயும் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். பெயர் ஒன்று, ஏடு வேறு. விமானத்தை விட்டு இறங்கியதும் மறுபடி வெற்றுத்தாள்தான். வெளிநாட்டு அறிக்கையை வாங்கிப் பார்க்கும் கார்டு நிறுவனங்கள் அமெரிக்காவில் சில உண்டு, விண்ணப்பிக்கும் முன் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு முதல் முட்டுக்கட்டை சோஷியல் செக்யூரிட்டி எண். எஃப்-1 விசா மாணவருக்கு, வளாகத்துக்குள் வேலை கிடைப்பது மாதிரி அனுமதிக்கப்பட்ட வேலை இருந்தால்தான் அந்த எண் வரும். அது இல்லாமல் பாஸ்போர்ட்டை வைத்தோ வரி எண்ணை வைத்தோ கார்டு தரும் நிறுவனங்களும் இருக்கின்றன, தேட வேண்டும். இரண்டாவது, வயது. 21 வயது ஆகாதவருக்குக் கார்டு வேண்டுமென்றால் சொந்தமாகக் கட்டும் வருமானத்தைக் காட்ட வேண்டும், அல்லது 21 வயது தாண்டிய ஒருவர் பொறுப்பேற்றுக் கூடக் கையெழுத்துப் போட வேண்டும், இதுவும் நான் மேலே சொன்ன 2009 சட்டத்தில் வந்ததுதான். இளநிலை படிக்கப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள், முதுநிலைக்குப் போகிறவர்களில் அநேகம் பேருக்கு இந்தப் பிரச்சினை வராது.

பிரிட்டன் போகிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி, பல பேருக்குத் தெரியாது. அங்கே உங்கள் பெயரும் முகவரியும் வாக்காளர் பட்டியலில் இருந்தால் கடன் கொடுப்பவர்களுக்கு நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்று சரிபார்ப்பது சுலபம், அது கார்டு கிடைக்க உதவும். நான் வெளிநாட்டுக்காரன், எனக்கு ஏது ஓட்டு என்று கேட்பீர்கள். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு அங்கே வசித்தால் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த்தில் இருக்கின்றன. விடுதி அறைக்குப் போன கையோடு பதிவு செய்துவிடுங்கள், செலவு கிடையாது.

கேள்வி: கல்விக்கடன் எடுத்துப் படிக்கிறேன். படிப்பு முடியும் வரை கட்ட வேண்டியதில்லை. எனக்குக் கடன் வரலாறு இருக்கிறதா, இல்லையா?

பதில்: இருக்கிறது! கடன் உங்கள் பெயரில், அப்பாவோ அம்மாவோ உடன் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், இரண்டு பேர் அறிக்கையிலும் அது நிற்கும். ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கட்டத் தொடங்கும் தேதி எது என்று இப்போதே குறித்து வையுங்கள். வேலை தேடுகிற பரபரப்பில் முதல் தவணை தவறுவது சகஜம், தவறினால் கையெழுத்துப் போட்டவர் ஸ்கோரும் சேர்ந்து அடிவாங்கும்.

கேள்வி: போன் ஆப்பில் "இப்போ வாங்கு, அப்புறம் கட்டு" என்று சின்னச் சின்னதாக ஏழெட்டு எடுத்திருக்கிறேன். எல்லாம் கட்டிவிட்டேன். இதெல்லாம் கடன் கணக்கில் வருமா?

பதில்: இந்தியாவில் இவற்றில் பல, பின்னால் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன்கள்தான், ஆப்புக்குப் பெயர் என்னவாக இருந்தாலும். எனவே அறிக்கையில் வந்திருக்க வாய்ப்பு நிறைய. கட்டிவிட்டது நல்லது, ஆனால் கட்டி முடித்த கணக்கு "முடிந்தது" என்று பதிவாகியிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. சில நேரம் துளி பாக்கி ஏதோ கட்டணமாக ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் "தாமதம்" என்று ஓடிக்கொண்டிருக்கும்.

பார்ப்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம். இந்தியாவில் ஒவ்வொரு பீரோவும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், நாலிலும் சேர்த்தால் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் மூன்று பீரோக்களிடமும் வாரம் ஒரு முறையே இலவசம். தப்பு இருந்தால் பீரோவிடமே புகார் செய்யலாம். இந்தியாவில் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் தாமதமாகும் நாளுக்கு உங்களுக்கு இழப்பீடு உண்டு.

கேள்வி: கார்டு வந்ததிலிருந்து நண்பர்கள் விடுவதில்லை. "நீ தேய், நான் உனக்குப் பணம் அனுப்பிடறேன், உனக்கு பாயிண்ட் வருமே" என்கிறார்கள். மறுத்தால் கஞ்சன் என்கிறார்கள்.

பதில்: பாயிண்ட் உங்களுக்கு, பொருள் அவருக்கு, கடன்? அதுவும் உங்களுக்கு. அவர் சம்பளம் வந்ததும் தருகிறேன் என்று சொல்லும் தேதியும் உங்கள் கெடு தேதியும் ஒன்றாக அமைந்ததாகச் சரித்திரம் இல்லை. பணம் வரும், ஆனால் 28-ம் தேதி வரும், உங்கள் கெடு 25. அறிக்கையில் அவர் பெயர் எங்கேயும் இருக்காது. தவணையாக மாற்றித் தேய்த்துக் கொடுத்தால் இன்னும் மோசம், ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ அந்த நட்பு நீடிக்க வேண்டும்.

மறுக்கச் சுலபமான வழி, உண்மையைச் சொல்வது: "லிமிட் கம்மிடா, பாதிக்கு மேல போனா ஸ்கோர் அடி வாங்கும்." கேட்கிறவருக்குப் பாதி புரியாது, விட்டுவிடுவார். அப்படியும் உதவித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் பணத்தை அனுப்பச் சொல்லுங்கள், வந்ததும் தேயுங்கள். பணம் கையில் இருக்கிறவர் ஏன் உங்கள் கார்டைக் கேட்கிறார் என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுப்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: வேண்டவே வேண்டாம். அதற்குத் தனிக் கட்டணம், எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி, வட்டியில்லாத நாள் என்ற பேச்சே கிடையாது.

கேள்வி: கல்லூரிக்குள் மேஜை போட்டுக் கார்டு விண்ணப்பம் வாங்குகிறார்கள். கையெழுத்துப் போட்டால் ஒரு பை இலவசம். போடலாமா?

பதில்: பைக்காக என்றால் வேண்டாம். அமெரிக்காவில் கல்லூரி வளாகத்திலோ பக்கத்திலோ பொருள் கொடுத்து மாணவர்களிடம் விண்ணப்பம் வாங்குவதை அதே 2009 சட்டம் தடை செய்தது, எந்த அளவுக்கு அது நடந்திருந்தால் சட்டம் போடும் நிலை வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கார்டு தேவைப்பட்டால் வீட்டில் உட்கார்ந்து ஆண்டுக் கட்டணம், வட்டி விகிதம், தாமதக் கட்டணம் மூன்றையும் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கேட்காமலேயே கார்டு வீட்டுக்கு வந்தால் இந்தியாவில் அது விதிமீறல், ஓடிபி சொல்லி அதை இயக்கிவிடாதீர்கள்.

கேள்வி: டெபாசிட் வைத்து வாங்கிய கார்டு ஒன்றரை வருஷமாக ஓடுகிறது. இப்போது சாதாரணக் கார்டும் கிடைத்துவிட்டது. பழையதை ரத்து செய்யலாமா?

பதில்: ஆண்டுக் கட்டணம் இருந்தால் ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள், உங்கள் வரலாற்றிலேயே பழைய கணக்கு அதுதான், லிமிட்டிலும் ஒரு பகுதி அது. டெபாசிட் பணம் அவசரமாக வேண்டும் என்றால், ஈடு இல்லாத கார்டாக மாற்றித் தருவீர்களா என்று அந்த வங்கியிடம் முதலில் கேளுங்கள். முடியாது என்றால் பாக்கியைப் பூஜ்யமாக்கிவிட்டு எழுத்தில் ரத்து செய்யச் சொல்லுங்கள். இந்தியாவில் ஏழு வேலை நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும், இழுத்தால் ஒவ்வொரு நாளுக்கும் அவர்கள் உங்களுக்கு அபராதம் கட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்து அறிக்கையை எடுத்து, கணக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.